பேஸ் ஆம்பையும் கேபினெட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பலர் இரண்டு பேஸ் ஆம்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஐந்து நிமிடம், இன்னொன்றில் ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு "இதுதான் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பல நேரம் தவறாகவே போகிறது. கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருந்தது ஜெயித்திருக்கும், அல்லது சுவர் ஓரமாக நின்றது ஜெயித்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டால் கேட்ட சவுண்ட் வராது.

இதைத் தவிர்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். செய்யும் வரிசை சரியாக இருந்தால் போதும். ஓம்ஸ் (ஸ்பீக்கரின் மின் எதிர்ப்பு அளவு) பார்க்காமல் சுவிட்சைப் போடுவது ஆபத்து. சத்தத்தைச் சமப்படுத்தாமல் டோனைப் பற்றிப் பேசுவது வீண். அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எதை ஒப்பிடுகிறோம் என்று முதலில் தெளிவாக்குங்கள்

ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டும் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் சவுண்ட். ஒரு நண்பரின் முழு செட்டையும் உங்கள் முழு செட்டையும் எதிரெதிரே வைத்தால் வித்தியாசம் கேட்கும். ஆனால் அது எதனால் வந்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எதை முதலில்? கேபினெட்டை. ஸ்பீக்கரும் அதன் பெட்டியும் சவுண்டை மாற்றும் அளவுக்கு, சுத்தமான டோனில் ஓடும் இரண்டு ஹெட்டுகள் மாற்றுவதில்லை. ஒரே ஹெட்டை வைத்துக் கேபினெட்டுகளை ஒப்பிடுங்கள். கேபினெட் முடிவானதும் அதை நிலையாக வைத்து ஹெட்டுகளுக்குப் போங்கள். தலைகீழாகச் செய்தால், பிடிக்காத கேபினெட்டின் குறையை மறைக்கும் ஹெட்டைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள்.

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போவாக இருந்தால், வெளி ஸ்பீக்கருக்கான இணைப்பு இருக்கிறதா, அதைச் செருகினால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் நிற்கிறதா, சேர்ந்தே ஓடுகிறதா என்று கையேட்டில் பாருங்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்றால் காம்போவை ஒரே பொருளாகவே வைத்து ஒப்பிட வேண்டியதுதான்.

இன்னொன்று, உங்கள் தேவையை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். நாலு கம்பியா, ஐந்து கம்பியா? டிரம்மரோடு வாசிக்கப்போகிறீர்களா, அறைக்குள் மட்டுமா? மேடையில் பேஸ் பி.ஏ. (அரங்கின் பொது ஒலிபெருக்கி) வழியாகவும் போகுமா, இந்தக் கேபினெட்டே கூட்டம் முழுவதுக்கும் கேட்க வேண்டுமா? இதை எழுதாமல் தொடங்கினால் கடைசியில் வாசிக்க சுகமாக இருந்ததைத்தான் எடுப்பீர்கள். அது உங்கள் வேலைக்கு ஆகாமல் போகலாம்.

2. முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியவை

ஒரே ஒரு பேஸ் கிட்டார். கம்பி நேற்று மாற்றியதாக இருக்கக் கூடாது. புதுக் கம்பியின் பளபளப்பு வாசிக்க வாசிக்கக் குறையும், முதலில் கேட்ட கேபினெட்டுக்கு அது சாதகமாகிவிடும். ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) என்றால் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள்.

ஒரே இன்ஸ்ட்ருமெண்ட் கேபிள். நல்ல ஸ்பீக்கர் கேபிள், கூடவே ஒரு மாற்று. இது எதற்கு என்று அடுத்த பகுதியில் வருகிறது.

ஒரு லூப்பர் பெடல். இது இல்லாமலும் செய்யலாம், ஆனால் இருந்தால் வேலை பாதியாகும். நம் விரல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. பிடிக்காத ஆம்பில் தன்னை அறியாமலே மெதுவாக வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். லூப்பர் ஒரே வாசிப்பைத் திரும்பத் திரும்பத் தரும்.

சத்தம் அளக்கப் போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப். போன் மைக் அவ்வளவு துல்லியமில்லை, குறிப்பாக அடி ஸ்வரங்களில். ஆனால் நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். அதே போன், அதே இடம் என்றால் அது போதும்.

ஒட்டும் டேப், நோட்டுப் புத்தகம், காது அடைப்பான், கேபிள் மாற்றித் தர ஒரு நண்பர். அவ்வளவுதான்.

3. சுவிட்சைப் போடும் முன் ஓம்ஸ் கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போனால் ஆம்ப் புகையும். அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

கேபினெட்டின் பின்புறம் 8 ஓம்ஸ் அல்லது 4 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும். ஹெட்டின் பின்புறம் குறைந்தபட்சம் எத்தனை ஓம்ஸ் வரை தாங்கும் என்று இருக்கும். கேபினெட்டின் எண் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். ட்ரான்சிஸ்டரில் ஓடும் சாலிட் ஸ்டேட், கிளாஸ் டி ஹெட்டுகளுக்கு இந்த விதி போதும்.

இரண்டு கேபினெட்டைச் சேர்த்து மாட்டும்போதுதான் குழப்பம் வருகிறது. பின்புறம் இருக்கும் இரண்டு இணைப்புகளும் பொதுவாக பேரலல் இணைப்பு. இரண்டு 8 ஓம்ஸ் சேர்ந்தால் 4 ஓம்ஸ். இரண்டு 4 ஓம்ஸ் சேர்ந்தால் 2 ஓம்ஸ். ஒரு 8-ம் ஒரு 4-ம் சேர்ந்தால் 2.67 ஓம்ஸ். 4 ஓம்ஸ் வரை மட்டும் தாங்கும் ஹெட்டில் கடைசி இரண்டையும் மாட்டக் கூடாது. சேர்த்தால் எண் கூடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பேரலல் இணைப்பில் அது குறையும்.

ட்யூப் ஹெட் (வெற்றிடக் குழாயில் ஓடுவது) வேறு மாதிரி. ஸ்பீக்கர் மாட்டாமல் அதை ஓட்டவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பின்னால் இருக்கும் ஓம்ஸ் செலக்டரைக் கேபினெட்டுக்குப் பொருத்தமாக வையுங்கள். கேபினெட் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். இதை மறப்பதுதான் அதிகம் நடக்கிறது. செலக்டர் மேல் ஒரு டேப் ஒட்டி, எந்தக் கேபினெட்டுக்கு எந்த எண் என்று எழுதிவிடுங்கள்.

அடுத்து கேபிள். ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். கிட்டார் கேபிளுக்கும் அதே கால் இன்ச் ஜாக் இருப்பதால் மாற்றிச் செருகிவிடுகிறார்கள். கிட்டார் கேபிளின் நடுக் கம்பி மெலிசு, அது பவர் ஆம்பின் கரண்ட்டுக்காகச் செய்ததில்லை. சூடாகும், பவரை விழுங்கும், உள்ளே ஷார்ட் ஆனால் ஹெட்டும் போகும். ஸ்பீக்கான் இணைப்பு இரண்டு பக்கமும் இருந்தால் அதையே போடுங்கள். திருப்பிப் பூட்டிக்கொள்ளும், தவறான கேபிளைச் செருக வழியும் இல்லை.

கடைசியாக ஒன்று. இரண்டு ஹெட்டுகளின் ஸ்பீக்கர் அவுட்புட்டை ஒரே கேபினெட்டில் ஒரே நேரத்தில் மாட்டாதீர்கள். சட்டென மாற்றிக் கேட்கலாம் என்று நினைத்து இப்படிச் செய்தால் இரண்டு ஹெட்டுமே போகலாம்.

4. இடத்தை நிலையாக்குங்கள்

பேஸ் ஒப்பீட்டில் அதிகம் ஏமாற்றுவது அறைதான்.

கேபினெட்டைச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளினால் அடி ஸ்வரங்கள் கூடும். மூலைக்குத் தள்ளினால் இன்னும் கூடும். சுவரிலிருந்து தள்ளி வைத்தால் வேறொரு சிக்கல்: பின்சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம், நேராக வரும் சத்தத்தை ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடித்துவிடும். கேபினெட்டின் முகப்பு சுவரிலிருந்து 1 மீட்டர் என்றால் அந்தப் பள்ளம் சுமார் 86 ஹெர்ட்ஸில் விழும். பேஸின் உடம்பு முழுவதும் இருக்கும் பகுதி அது. கேபினெட்டை அரை அடி நகர்த்தினாலே பள்ளமும் நகரும்.

அதனால் இரண்டு கேபினெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். தரையில் டேப்பால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொன்றையும் அதே இடத்தில், முகப்பு அதே கோட்டில் இருக்கும்படி மாற்றி மாற்றி வையுங்கள். தூக்கி மாற்றுவது சிரமம்தான். ஆனால் இதைச் செய்யாத ஒப்பீடு, அறையின் இரண்டு இடங்களை ஒப்பிடுவதாகவே முடியும்.

நீங்கள் நிற்கும் இடத்துக்கும் ஒரு டேப் அடையாளம் போடுங்கள். நீளவாட்டில் 5 மீட்டர் உள்ள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் சத்தம் தேங்கி நிற்கும். ஒரு அடி முன்னால் போனால் குறையும், சுவரோரம் போனால் உறுமும். அறையின் நட்டநடுவில் நின்று கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள், சில ஸ்வரங்கள் அங்கே காணாமலே போகும்.

உயரத்தையும் கவனியுங்கள். ஒற்றை 12 இன்ச் கேபினெட் தரையில் இருந்தால் அதன் மேல் ஸ்வரங்களெல்லாம் உங்கள் முழங்காலுக்குத்தான் போகும். உயரமான 4 X 10 (நாலு 10 இன்ச் ஸ்பீக்கர் உள்ள கேபினெட்) நேராகக் காதுக்கே அனுப்பும். உடனே "சின்னது மந்தமாக இருக்கிறது" என்பார்கள். முதலில் குனிந்தோ உட்கார்ந்தோ காதை ஸ்பீக்கர் மட்டத்துக்குக் கொண்டுவந்து இரண்டையும் கேளுங்கள். அப்புறம் நின்று கேளுங்கள். குனிந்தால் தெளிவாகவும் நின்றால் மந்தமாகவும் இருந்தால் குறை கேபினெட்டில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. ஒரு ஸ்டாண்டில் ஏற்றினால் சரியாகிவிடும்.

5. குமிழ்களைப் பொதுவான நிலைக்குக் கொண்டுவாருங்கள்

கம்ப்ரசர், கான்டூர், டீப், பிரைட் போன்ற பொத்தான்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஈக்யூ குமிழ்களை (பேஸ், மிட், ட்ரெபிள்) நடுவில் வையுங்கள்.

ஆனால் நடு என்றால் ஃப்ளாட் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு ஹெட்டிலும் செய்தவர் விரும்பிய ஒரு சாயல் உள்ளேயே இருக்கும். பழைய பாணி பாஸிவ் ஈக்யூவில் எல்லாம் நடுவில் இருந்தால் மிட் குழி விழுந்தே இருக்கும். அதை ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர மிட்டை முழுக்க ஏற்றி, பேஸையும் ட்ரெபிளையும் நன்றாக இறக்க வேண்டும். கேபினெட் ஒப்பீட்டில் ஹெட் ஒன்றுதான் என்பதால் இது பாதிக்காது. ஹெட்டுகளை ஒப்பிடும்போது பாதிக்கும்.

கெயினை (உள்ளே வரும் சிக்னலை ஏற்றும் குமிழ்) இப்படி வையுங்கள்: உங்களால் முடிந்த அளவு பலமாக அடித்து, கிளிப் விளக்கு லேசாக மினுங்கும் வரை ஏற்றி, அங்கிருந்து சற்று இறக்குங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் சிக்னலைக் குறைக்கும் பேட் பொத்தானைப் போட வேண்டியிருக்கலாம். கெயின் ஒரு ஹெட்டில் கூடுதலாக இருந்தால் அந்த அழுக்கை "சூடான டோன்" என்று காது ஏற்றுக்கொள்ளும்.

கேபினெட்டின் பின்பக்கம் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறதா பாருங்கள். ட்வீட்டரின் (மேல் ஸ்வரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர்) அளவு அதில்தான் இருக்கிறது. ஒன்றில் முழுக்க ஏறியும் இன்னொன்றில் முழுக்க இறங்கியும் இருந்தால், ஒப்பீடு ட்வீட்டருக்கும் ட்வீட்டர் இல்லாததற்கும் நடக்கும். முதல் சுற்றில் இரண்டிலும் ட்வீட்டரை அணைத்து, கோன்களை (பெரிய ஸ்பீக்கர்களை) மட்டும் கேளுங்கள். அடுத்த சுற்றில் ஏற்றுங்கள்.

6. சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

இந்த ஒரு படியைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

சத்தம் குறையும்போது நம் காது அடி ஸ்வரங்களை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டியது இதைத்தான். அதனால் இரண்டு டெசிபல் சத்தம் கூடுதலாக இருக்கும் ஆம்ப், "சத்தம் அதிகம்" என்று தோன்றாது. "அடி நிறைய இருக்கிறது, உடம்பு இருக்கிறது" என்றே தோன்றும். வாசிப்பவர் நேர்மையாகத்தான் சொல்கிறார், காதுதான் அப்படிச் சொல்ல வைக்கிறது.

குமிழ் எண்ணை வைத்துச் சமப்படுத்த முடியாது. ஒரு ஹெட்டின் 4 இன்னொன்றின் 6 ஆக இருக்கலாம். ஒரே ஹெட்டில் குமிழைத் தொடாமலே 8 ஓம்ஸை எடுத்து 4 ஓம்ஸ் கேபினெட் மாட்டினால் பவர் இரண்டு மடங்கு வரை, அதாவது 3 டெசிபல் வரை கூடும். இதற்கு மேல் கேபினெட்டுகளின் சென்சிடிவிட்டி (அதே வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) வித்தியாசமும் சேரும்.

செய்யும் முறை இதுதான்:

லூப்பரில் நாலு கம்பிகளையும் தொடும் ஒரு எளிய வரியை, சமமான பலத்தில், இடைவெளி இல்லாமல் பதிவு செய்யுங்கள். ஒரே ஸ்வரத்தை வைத்து அளக்காதீர்கள், அந்த ஸ்வரம் அறையில் தேங்கும் ஸ்வரமாக இருந்தால் எண் முழுக்கத் தப்பாகும்.

ஆப்பில் சி வெயிட்டிங், ஸ்லோ என்று தேர்ந்தெடுங்கள் (வெயிட்டிங் என்பது மீட்டர் எந்த ஸ்வரத்தை எவ்வளவு கணக்கில் எடுக்கிறது என்பது). பெரும்பாலும் ஏ வெயிட்டிங்தான் முதலில் வந்து நிற்கும். அது 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடுகிறது, பேஸை அளக்க உதவாது. சி வெயிட்டிங் அந்த இடத்தில் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல்தான் கழிக்கும்.

போனை நீங்கள் நிற்கும் இடத்தில், காது உயரத்தில் பிடியுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தூரம் போதும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு அடி இடமும் ஒரு அடி வலமும் நகர்ந்து மறுபடி பாருங்கள். மூன்றின் சராசரியை எடுங்கள்.

கேபினெட்டை மாற்றியபின் மாஸ்டர் வால்யூமை மட்டும் தொட்டு அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு டெசிபலுக்குள் வந்துவிட வேண்டும். குமிழ் நின்ற இடத்தில் டேப் அடையாளம் போடுங்கள். ஈக்யூவை எப்போது தொட்டாலும் இந்த வேலையை மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் பேஸ் குமிழை ஏற்றுவதும் சத்தத்தை ஏற்றுவதுதான்.

எந்த அளவில் வைப்பது? பேசினால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும் அளவில் தொடங்குங்கள். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம் என்பதுதான் காதுக்குப் பாதுகாப்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் சொல்கிறது. அது ஏ வெயிட்டிங்கில் அளந்த கணக்கு, அதனால் சத்தம் ஏற்றும் சுற்றுகளில் ஆப்பை ஏ-வுக்கு மாற்றி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். களைத்த காது மேல் ஸ்வரங்களை இழக்கும், அப்போது கூர்மையான கேபினெட் நல்லதாகத் தோன்றும். நடுநடுவே வெளியே போய் வாருங்கள்.

7. கேபினெட்டைக் கேட்கும் முறை

சும்மா தெரிந்த பாட்டை வாசிக்காதீர்கள். பாட்டு வாசிக்கும்போது கவனம் வாசிப்பில் போய்விடும்.

முதலில் தடித்த நாலாவது கம்பியில், முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை, ஒவ்வொன்றாக, ஒரே பலத்தில், இரண்டு விநாடி நிறுத்தி வாசியுங்கள். எந்த ஸ்வரம் துருத்துகிறது, எது விழுந்துவிடுகிறது என்று குறியுங்கள். ஐந்தாவது ஃப்ரெட்டில் 55 ஹெர்ட்ஸ், ஏழாவதில் சுமார் 62. சின்ன அறைகளில் இந்த வட்டாரத்தில்தான் ஏதாவது ஒன்று உறுமும்.

உறுமினால் உடனே கேபினெட்டைக் குறை சொல்லாதீர்கள். அதே ஸ்வரத்தை லூப்பரில் ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். இரண்டடி நகர்ந்ததும் உறுமல் அடங்கி வேறொரு மூலையில் எழுந்தால் அது அறை. எங்கே போனாலும் கூடவே வந்தால் அது கேபினெட்.

ஸ்வரம் செத்துப்போனாலும் இதே மாதிரி சோதனை உண்டு. முதல் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் பல பேஸ்களில் ஒரு ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடும், அது கழுத்துக் கட்டையின் குணம். அதே ஸ்வரத்தை இரண்டாவது கம்பியின் பத்தாவது ஃப்ரெட்டில் வாசியுங்கள். அங்கே நன்றாக நின்றால் கேபினெட்டின் மேல் பழி இல்லை.

அடுத்து ஆழம். நாலு கம்பியின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியின் அடி ஸ்வரம் சுமார் 31. பெரும்பாலான பேஸ் கேபினெட்டுகள் அந்த அளவுக்கு முழு பலத்தோடு இறங்குவதில்லை. நாம் கேட்பது பெரும்பகுதி அதன் இரட்டிப்பும் மும்மடங்கும்தான். அதனால் அறை அதிர்கிறதா என்று தேடாதீர்கள், ஸ்வரம் எது என்று தெளிவாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். அடிக் கம்பியில் பக்கத்துப் பக்கத்து ஃப்ரெட் இரண்டை மாற்றி மாற்றி வாசித்து, கேட்கும் நண்பருக்கு இரண்டும் வேறு வேறு ஸ்வரமாகக் கேட்கிறதா என்று கேளுங்கள். வெறும் 'பொம், பொம்' என்று கேட்டால் அந்த ஆழத்தால் பயனில்லை.

போர்ட் துளை உள்ள பெட்டியும் மூடிய பெட்டியும் இங்கே வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். மூடிய பெட்டியில் உள்ளே இருக்கும் காற்று கோனைப் பிடித்து வைக்கும், ஆழம் மெதுவாகக் குறைந்துகொண்டே போகும். போர்ட் பெட்டி ஒரு அளவு வரை நல்ல பலத்தோடு இறங்கும், அதற்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் போய்விடும், சத்தம் இல்லாமலே முன்னும் பின்னும் ஆடும். ஐந்தாவது கம்பியைப் பலமாக அடித்து, கையைப் போர்ட்டுக்கு முன் வையுங்கள். காற்று சீறும் சத்தம் ஸ்வரத்தை மீறிக் கேட்டால் அந்தக் கேபினெட் அந்தச் சத்தத்துக்கு ஆகாது. 35 முதல் 40 ஹெர்ட்ஸில் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே இருப்பதை வெட்டுவது) போட்டுப் பார்த்தால் அதே கேபினெட் சுத்தமாக ஓடுவதும் உண்டு.

பிறகு அதிர்வு. ஸ்வரங்களை மெதுவாக ஏற்றிக்கொண்டே போகும்போது எங்கோ ஒரு இடத்தில் 'ஜிர்ர்' என்று வரும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அந்த ஸ்வரத்தை லூப்பில் விட்டு, கைப்பிடி, கிரில், மூலைத் தகடு, ஜாக் தட்டு என்று ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ அங்கேதான் திருகு தளர்ந்திருக்கிறது. எங்கே அழுத்தியும் நிற்கவில்லை என்றால் கோனைச் சந்தேகப்படலாம். அதற்கும் முன்னால், அறையில் இருக்கும் ஸ்நேர் டிரம்மின் கம்பியைத் தளர்த்திவிட்டு ஒருமுறை கேளுங்கள்.

அதன்பின் பிக், ஸ்லாப், உள்ளங்கையால் அடக்கி வாசிப்பது என்று உங்கள் வாசிப்பு முறைகள். இங்கே ட்வீட்டரை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். எல்லாம் முடிந்தபின் ஒருமுறை மேடைச் சத்தத்துக்கு ஏற்றுங்கள். காது அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். மெதுவாக இருந்தபோது அழகாக இருந்த சின்னக் கேபினெட், இங்கே ஸ்வரத்தின் முன்பகுதி மழுங்கி, மிட் மட்டும் கத்த ஆரம்பிக்கும். அது எந்த அளவில் தொடங்குகிறது என்று எழுதுங்கள்.

இரண்டு கேபினெட்டைச் சேர்த்து ஓட்டும்போது அடி குறைந்துபோனால் ஒன்றின் போலாரிட்டி (பிளஸ், மைனஸ் இணைப்பு) மாறியிருக்கலாம். ஹெட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியைக் கேபிள் முனையில் ஒரு கணம் தொடுங்கள். பாசிட்டிவ் முனைக்குப் பாசிட்டிவ் பட்டால் இரண்டிலும் கோன் ஒரே பக்கம் நகர வேண்டும்.

8. ஹெட்டுகளை ஒப்பிடும் முறை

கேபினெட் முடிவானபின் அதைத் தொடாதீர்கள். ஒரு ஹெட்டை அணைத்து, கேபிளை மாற்றி, அடுத்ததை ஏற்றுங்கள். ட்யூப் ஹெட் என்றால் முழுக்க அணைத்தபின்தான் ஸ்பீக்கர் கேபிளை உருவ வேண்டும்.

சமப்படுத்திய சத்தத்தில் லூப்பரை ஓடவிட்டுக் கேட்டால் இரண்டு சுத்தமான ஹெட்டுகளுக்கு நடுவே வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். அதில் ஏமாற்றமடைய வேண்டாம். ஈக்யூவின் வீச்சும் கெயினை ஏற்றும்போது வரும் அழுக்கின் தன்மையும்தான் ஹெட்டுகளைப் பிரித்துக் காட்டும்.

லூப்பர் இங்கே ஒன்றை மறைக்கும். பாஸிவ் பிக்கப் நேராக ஹெட்டின் இன்புட்டைப் பார்க்கும்போது அந்த இன்புட்டின் இம்பீடன்ஸ் (ஓம்ஸில் சொல்லும் மின் எதிர்ப்பு) மேல் ஸ்வரங்களைத் தொடும். நடுவே பெடல் வந்தால் அது தெரியாது. அதனால் லூப்பரைக் கழற்றிவிட்டு நேராகச் செருகி ஒரு சுற்று வாசியுங்கள். விரலுக்கு ஹெட் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதும் இப்போதுதான் புரியும்.

இதன்பின் ஒவ்வொரு ஹெட்டுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்து, உங்களுக்குப் பிடித்த சவுண்டை ஈக்யூவில் தேடுங்கள். கிடைத்ததும் சத்தத்தை மறுபடி சமப்படுத்தி ஒப்பிடுங்கள். நடுவில் வைத்த குமிழ்களோடு யாரும் கச்சேரிக்குப் போவதில்லை, எது எளிதாக உங்கள் சவுண்டுக்கு வருகிறது என்பதே இங்கே கேள்வி.

ட்யூப் ஹெட்டுக்கு ஒரு எச்சரிக்கை. கேபினெட்டின் இம்பீடன்ஸ் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஏறி இறங்கும். சாலிட் ஸ்டேட் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ட்யூப் ஹெட் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரு கேபினெட்டில் உங்களைக் கவர்ந்த ட்யூப் ஹெட் இன்னொன்றில் அப்படி இல்லாமல் போகலாம். நீங்கள் பயன்படுத்தப்போகும் கேபினெட்டில் மட்டுமே அதை முடிவு செய்யுங்கள்.

9. வாட்ஸ் எண்ணைப் படிக்கும் விதம்

500 வாட்ஸ் என்று முகப்பில் இருந்தால், எத்தனை ஓம்ஸில் என்று பாருங்கள். 4 ஓம்ஸில் 500 என்றால் ஒரே ஒரு 8 ஓம்ஸ் கேபினெட்டில் பொதுவாக 250-300தான் வரும்.

வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும், அவ்வளவுதான். காதுக்குச் சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். 97 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள கேபினெட்டில் 600 வாட்ஸ் தருவதை, 100 டெசிபல் உள்ள கேபினெட்டில் 300 வாட்ஸ் தந்துவிடும். பெரிய ஹெட் வாங்கும் பணத்தில் அதே மாதிரி இன்னொரு கேபினெட் சேர்ப்பது பல நேரம் மேல்: இரண்டாவது 8 ஓம்ஸ் கேபினெட் சேரும்போது அடி ஸ்வரங்களில் 6 டெசிபல் வரை கூடும்.

சென்சிடிவிட்டி எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. சிலர் சராசரியைப் போடுவார்கள், சிலர் மிட்டில் துருத்தும் உச்சத்தைப் போடுவார்கள். நீங்கள் 6-ஆம் பகுதியில் குறித்த குமிழ் நிலைகளே உங்கள் அறையில் எது எளிதாகச் சத்தம் தருகிறது என்று சொல்லிவிடும். கேபினெட் தாங்கும் வாட்ஸ் என்பது பெரும்பாலும் காயில் சூடு தாங்கும் அளவு. அடி ஸ்வரங்களில் கோன் அதற்கு வெகு முன்பே தன் ஆட்ட எல்லையைத் தொட்டுவிடும்.

10. பார்க்காமல் கேளுங்கள்

நீங்கள் முதுகைக் காட்டி நில்லுங்கள். நண்பர் நாணயம் சுண்டி, வந்த பக்கத்துக்கு ஏற்பக் கேபிளை மாற்றட்டும். மாற்றாத முறையிலும் மாற்றியதுபோல் கேபிளை உருவிச் செருகட்டும், இல்லையென்றால் சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும். நீங்கள் எதைக் கேட்கிறோம் என்று யூகித்து எழுதுங்கள், கூடவே பிடித்ததா என்றும் எழுதுங்கள். விடையை எல்லாச் சுற்றும் முடிந்தபின் பாருங்கள்.

ஹெட்டுகளுக்கு இது எளிது. கேபினெட்டுகளுக்குத் தூக்கி மாற்றும் நேரம் ஆகும், காதின் நினைவு அவ்வளவு நேரம் நிற்காது. அங்கே சுற்றுகளைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் எழுதிய குறிப்பை நம்புங்கள்.

யூகம் பாதிக்குப் பாதிதான் சரியாக வருகிறது என்றால் உங்களுக்கு அந்த வித்தியாசம் கேட்கவில்லை. எடை, விலை, அளவு பார்த்து எடுங்கள்.

11. டிரம்ஸோடு வைத்துக் கேளுங்கள்

தனியாக வாசிக்கும்போது அடியும் மேலும் ஏறி மிட் இறங்கிய சவுண்ட் மயக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் அதன் அடியைக் கிக் டிரம் எடுத்துக்கொள்ளும், மேலைச் சிம்பல் எடுத்துக்கொள்ளும், பேஸைக் காணோம் என்று ஆகும். பேண்டுக்குள் பேஸ் கேட்பது 200 ஹெர்ட்ஸிலிருந்து 1000 வரை இருக்கும் பகுதியில். தனியே கேட்டபோது கொஞ்சம் முரடாகத் தோன்றிய கேபினெட் இங்கே தெளிவாக நிற்பதைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

டிரம்மர் வாசிக்கட்டும், உங்கள் வரியை லூப்பரில் விடுங்கள், நீங்கள் எட்டு பத்து மீட்டர் தள்ளிப் போங்கள். பக்கவாட்டிலும் போய்க் கேளுங்கள். இரண்டு 10 இன்ச் ஸ்பீக்கர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கேபினெட்டில், பக்கவாட்டில் நிற்பவருக்கு மேல் ஸ்வரங்கள் குறையும். அதையே நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்படி வைத்தால் பரவல் மேலாகும். பக்கத்தில் நிற்கும் கிட்டாரிஸ்டுக்கு நீங்கள் கேட்கவில்லை என்ற புகார் இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடலாம்.

போனில் பதிவு செய்து வீட்டில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும், அடியையும் வெட்டும். டிஐ (ஸ்பீக்கர் இல்லாமல் நேராகச் சிக்னலை எடுக்கும் இணைப்பு) வழியாகப் பதிவு செய்தால் கேபினெட்டே அதில் இருக்காது.

12. குறிப்பு எழுதுவதும் மறுநாள் சுற்றும்

"சூப்பர்", "கனமா இருக்கு" என்று எழுதினால் மறுநாள் ஒன்றும் புரியாது. எந்த ஃப்ரெட், எந்த டெசிபல், நின்று கேட்டதா குனிந்து கேட்டதா, ட்வீட்டர் எந்த நிலை என்று எழுதுங்கள். உதாரணமாக: "மூடிய பெட்டி, 92 டெசிபல், நின்றபடி. நாலாவது கம்பி 1 முதல் 4 வரை மெலிசு, 5-லிருந்து சமம். ஸ்லாப்பில் கூர்மை. 100-க்கு மேல் மிட் கத்துகிறது."

மறுநாள் 6-ஆம் பகுதியையும் 11-ஆம் பகுதியையும் மட்டும், இந்த முறை கேபினெட்டுகளை எதிர் வரிசையில் வைத்துச் செய்யுங்கள். முதலில் கேட்டதற்குத் தனிச் சாதகம் கிடைத்திருந்தால் இதில் வெளியே வந்துவிடும்.

இரண்டும் அப்போதும் சமமாக நின்றால், கேபினெட்டைக் கைப்பிடியில் பிடித்து மாடிப்படி ஏறிப் பாருங்கள், காரில் நுழைகிறதா என்று பாருங்கள். ஹெட் என்றால், வாசிப்பதை நிறுத்திவிட்டு விசிறிச் சத்தத்தையும் இரைச்சலையும் பக்கத்தில் நின்று கேளுங்கள், அப்புறம் இருட்டில் மாஸ்டர் குமிழைத் தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.